நிழலில் தெரியாத கயிறு

என் தங்கை புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் கயிறு. வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னால்கூட இந்த ஆள் எதில் கயிறு கட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்ப்பான் என்று ஒருநாள் டீக்கடையில் சொல்லிவைத்தேன். சிரித்தவர்கள் அந்தப் பெயரை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். தங்கை புருஷனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட ஏணி தூக்கியவனுக்கு அது வரமாட்டேன் என்கிறது.

அவன் வேலை, வீட்டுக் கூரைகளில் இன்டர்நெட் ரேடியோ மாட்டுவது. ரேடியோ என்றதும் பாட்டுப் பாடும் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக ஒரு சாமான். அதை இரும்புக் கம்பத்தில் கட்டி, ஊர்க்கோடியில் நிற்கும் கம்பெனி டவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால், கேபிள் போகாத வீட்டுக்கும் இன்டர்நெட் வந்துவிடும். "எந்த ஸ்டேஷன்லாம் எடுக்கும்?" என்று கேட்காத பெரியவர் இதுவரை எங்களுக்கு வாய்த்ததில்லை. வேன் என்னுடையது. ஏணியைத் தூக்குவதும், அதைக் கீழே நின்று பிடிப்பதும், அவன் எரிந்து விழும்போது வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் பொறுப்பு.

அவன் வேலை செய்கிற அழகைப் பார்த்தால் பொறுமைசாலிக்கும் கோபம் வரும். போனவுடன் ஏறமாட்டான். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை. கரண்ட் கம்பி எந்தப் பக்கம் போகிறது, நம் கம்பம் சாய்ந்தால் அதன்மேல் விழுமா என்று அண்ணாந்து பார்ப்பான். விழும் என்று பட்டால் அந்தப் பக்கம் வேலையே கிடையாது, வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் சரி. எங்கேயோ தூரத்தில் இடி முனகினால் பெட்டியை மூடிவிட்டு வேனில் உட்கார்ந்துவிடுவான். கூரை ஈரமாக இருந்தால் காய்கிறவரை டீதான். கம்பத்திலிருந்து மண்ணுக்கு எர்த் வயர் இறக்காமல் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை. வயர் சுவருக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் தொங்கலாக வளைத்து விட்டிருப்பான், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடட்டும் என்று. "என்னப்பா, அசிங்கமா தொங்குதே" என்று அதை இழுத்துக் கட்டப்போன ஒருவரின் கையை அவன் பிடித்த பிடியை அவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

ஏறுவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்வான். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அதிலிருந்து போகும் கயிற்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இழுங்க" என்பான்.

"எதுக்குப்பா?"

"சும்மா இழுங்க. உங்க பலத்தையெல்லாம் காட்டுங்க."

அவர்கள் வெட்கத்தோடு இழுப்பார்கள். சிலர் வெட்கத்தை விட்டுவிட்டு நிஜமாகவே இழுப்பார்கள். கயிறு அறுந்ததும் இல்லை, கொக்கி நழுவியதும் இல்லை. "மேல நான் சாய்ஞ்சு நிக்கிறதைப் பாத்தா விழப்போறேன்னு தோணும். விழமாட்டேன், இது பிடிச்சிருக்கு. நீங்க என்னைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்பான். பயந்துபோனவர்கள் நம்பரைப் பார்க்கமாட்டார்கள், மேலே நிற்கிறவனைத்தான் பார்ப்பார்கள் என்பது அவன் அனுபவத்தில் கண்டது.

அந்த நம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் மேலே தட்டைத் திருப்பத் திருப்ப, கீழே டேப்லெட்டில் ஒரு எண் மாறிக்கொண்டே இருக்கும். அது குறையக் குறைய நல்லது. அறுபதுக்குக் கீழே வந்துவிட்டால் புயலடித்தாலும் படம் அசையாது. எண்பதில் நின்றால் வெயில் நாளில் ஓடும், தூறல் போட்டு மரத்து இலை நனைந்தாலே செத்துவிடும். இதை எத்தனை சொன்னாலும் சிலருக்கு ஏறாது. ஒரு வீட்டில் ஓர் அம்மா, "தொண்ணூறு வந்துடுச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் திருப்புங்க, நூறே வாங்கிடலாம்!" என்று பரீட்சை மார்க் மாதிரி கைதட்டினார். அதனால் யார் என்ன நம்பர் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். இறங்கி வந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்றுவான்.

அவன் கீழே வந்து பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆள் சொன்ன நம்பரைத்தான். அந்த ஆள் அவன் அப்பா.

அவன் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எடை மேடையில் உட்கார்ந்திருந்தவர். லாரி வந்து மேடையில் ஏறும், முள் நிற்கும், மாமா சின்ன ஜன்னல் வழியாக எடையை உரக்கச் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான். லாரிக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஒருவர் அழுதும் இருக்கிறார். மாமா ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. வீட்டிலும் அதே கறார். மகன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்தால், வாங்காமல் விட்ட இரண்டு மார்க்கைப் பற்றித்தான் பேசுவார். பாராட்டி ஒரு வார்த்தை, கவலைப்பட்டு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கயிறு என்கிற பெயரே அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அங்கே அவன் வெறும் "டேய்".

மாமாவின் வீடு ஒரு பள்ளமான தெருவில் இருக்கிறது. செல்போனில் பேச்சே விட்டுவிட்டுத்தான் கேட்கும், படம் பார்ப்பதெல்லாம் நடக்காது. அவன் தங்கை கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அவளுடைய அம்மா, அதாவது அத்தை, இதய நோயாளி. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், விமானம் எங்கே ஏறுவது? "குரல் கேக்குது, போதும். ஆனா முகம் பாத்தா நல்லாருக்கும்" என்று அத்தை ஒருநாள் சொல்ல, மகன் மறுவாரமே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று எனக்குக் காய்ச்சல். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஏணியை ஏற்றிக்கொண்டு அவன் தனியாகப் போனான். அங்கே நடந்ததெல்லாம் அவன் பிறகு என்னிடம் சொன்னதுதான். மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் தூணில் கயிற்றைக் கட்டினான். விளிம்பில் கம்பத்தை நிறுத்தினான். எர்த் வயர், வளைவு, எல்லாம் முறைப்படி. டேப்லெட்டை அப்பாவிடம் கொடுத்து, எண் குறையணும், அறுபதுக்குக் கீழே வரணும் என்றான். கயிற்றை மட்டும் அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லவில்லை. அப்பாவிடம் போய் "இழுங்க" என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். இழுத்துப் பார்த்துவிட்டு அதிலும் ஒரு குறை சொல்லுவார் என்ற எரிச்சலும் இருந்திருக்கும்.

மாமா ஜன்னலருகே உட்கார்ந்து எடை மேடையில் சொல்வது போலவே உரக்கச் சொன்னார். எண்பத்து நாலு. எண்பத்து ரெண்டு. எண்பத்து ஒண்ணு. டவர் இருக்கிற திசைக்குத் தட்டைத் திருப்ப, அவன் கம்பத்தின் வெளிப்பக்கம் போய், பெல்ட்டில் உடம்பைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"அம்பத்தெட்டு! வந்துடுச்சு. இறங்கு."

எண்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு ஒரே தாவல். வேறு யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். எடை மேடைக்காரர் சொன்ன எண் அல்லவா? அதே இடத்தில் நட்டை முறுக்கிவிட்டு இறங்கினான். நல்ல வெயில் நாள். மகள் முகம் திரையில் பளிச்சென்று வந்தது. அத்தை அழுதார். மாமா எழுந்து போய் முகம் கழுவினார். டேப்லெட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் மழைக்கே படம் நின்றது. அடுத்த மழைக்கும். அவன் போய்ப் பார்த்தபோது, வீட்டுக்குள்ளே ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியின் சுவிட்ச் அணைந்திருந்தது. இடி இடித்தால் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கி வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் மாமா சுவிட்சுகளுக்குப் பரம விரோதி. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குத் தூக்கம் வராது. "இது போதாதா? தூறல் போட்டாலே அணைச்சிடறார். என் தங்கச்சி அங்க காத்துட்டு இருக்கா" என்று வேனில் வரும் வழியெல்லாம் பொருமினான்.

"ஆபீசுல கேட்டுப் பாரேன் மாப்ள. அவங்களுக்குத் தெரியுமே, சிக்னல் எவ்வளவு வருதுன்னு" என்றேன்.

"எங்கப்பா சொன்ன நம்பரை ஆபீசுல கேட்டுச் சரிபாக்கணுமா? நீ எங்கப்பாவைப் பத்திப் பேசறியா?"

அப்பாவைத் திட்டுவதும் அவனே, அப்பாவின் எண்ணுக்குக் காவல் நிற்பதும் அவனே. நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஆபீசில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

பிறகு அந்த நாள் வந்தது. கடல் தாண்டி இருந்த அவன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. காலையில் காட்டுகிறேன் என்றாள். அத்தை அப்போது படுத்த படுக்கை. தலையணையை உயர்த்தி வைத்து, முடியை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார வைத்திருந்தாள் என் தங்கை. நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம். விடியலிலிருந்தே மழை. திரையில் ஒரு போர்வை தெரிந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது, அப்படியே நின்றது, போயே போய்விட்டது. மாமா எழுந்து பெட்டியருகே போனார். என்ன செய்வது என்று தெரியாமல் சுவிட்சைத் தொட்டார். அதை மகன் பார்த்துவிட்டான்.

"அந்தச் சுவிட்சை விடவே மாட்டீங்களா? மத்த நாளைக்கெல்லாம் நீங்கதானே அணைச்சீங்க? சொல்லுங்கப்பா, நீங்கதானே?"

மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா. நான்தான்."

"அம்மா மூஞ்சியப் பாருங்க. பேத்தியைப் பாக்கவிடாம பண்ணிட்டீங்களே. நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அத்தை, "விடுடா. மழை விட்டதும் பாத்துக்கலாம்" என்றார். அணைத்து அணைத்துப் போட்டதில் பெட்டியே கெட்டுவிட்டது, நாளைக்குப் புதிது கொண்டுவருகிறேன் என்றான் மகன். செல்போனில் குழந்தை அழும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. "மூக்கு யாரு மாதிரி?" என்று அத்தை கேட்டார். "உன்னை மாதிரிதாம்மா" என்றாள் மகள். "நிஜமாவா?" என்று அத்தை கேட்க, பதில் வருவதற்குள் லைன் அறுந்தது.

மழை விடவில்லை. புதுப் பெட்டி வருவதற்குள் அத்தை போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் தங்கைதான் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள், மருந்து வாங்கித் தருவாள். மகன் வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு இறங்காமல் திரும்புவான். மாமா ஜன்னலில் நின்று வண்டியைப் பார்ப்பார். நானும் அந்த வருஷங்களில் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சுவிட்ச், அதற்கு எவ்வளவு கரண்ட் ஆகிவிடப்போகிறது என்று.

போன மாதம் அடித்த காற்றில் அந்தக் கம்பம் தெருப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அவன் உடனே கிளம்பிவிட்டான்.

"நான் ஒண்ணும் அவருக்காகப் போகல. நான் நட்ட கம்பம் யார் தலையிலயும் விழக்கூடாது, அவ்வளவுதான்" என்றான், நான் ஒன்றும் கேட்காமலேயே.

காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கூரை காய்ந்திருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக மாடிக்குப் போனான். தூணில் கயிற்றைக் கட்டி, கம்பத்தை நிமிர்த்தி, கிளாம்ப்பை முறுக்கினான். தட்டை மறுபடி சரியாகத் திருப்ப வேண்டும். "மச்சான், நீ உள்ள போய் நம்பரைச் சொல்லு" என்றான் என்னிடம்.

உள்ளே போனேன். மாமா ஜன்னலருகே அதே நாற்காலியில் இருந்தார். நான் மேஜையில் வைத்த டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குடுங்க மாமா, நான் சொல்றேன்."

"நான் சொல்லுவேன்" என்றார். கொடுக்கவில்லை.

நான் அவர் பின்னால் நின்றேன். திரையில் எண்பத்தொன்று என்று இருந்தது. மாமா திரையைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நானும் பார்த்தேன். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் எங்கள் மாடியின் நிழல் விழுந்திருந்தது. விளிம்பு, கம்பம், கம்பத்தையொட்டி ஒரு ஆள். அந்த ஆள் பின்பக்கமாகச் சாய்ந்தான். இரண்டு கைகளையும் விட்டான். அவனைப் பிடித்திருக்கிற கயிறு அந்த நிழலில் தெரியவில்லை. வெறும் வானத்தில் மல்லாக்க விழப்போகிறவன் மாதிரி இருந்தான்.

மாமாவின் கை டேப்லெட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அம்பத்தெட்டு!" என்று கத்தினார். "வந்துடுச்சு. போதும். இறங்கு, இறங்கு!"

 சுவரில் அந்த நிழல் மெல்ல நிமிர்ந்தது. பிறகு அவன் குரல் வந்தது.

"நான் இன்னும் நட்டைக்கூடத் தளர்த்தல."

மாமா டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

"மச்சான். நீ சொல்லு. என்ன நம்பர்?"

 "எண்பத்தி ஒண்ணு" என்றேன்.

நிழல் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அவன் என்னவெல்லாம் கணக்குப் போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கீழே நின்று நானும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் மழை, இரண்டாவது மழை, அந்தக் காலை, கட்டம் கட்டமாக உடைந்த போர்வை.

"மாமா, அன்னிக்கு நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். "சுவிட்சை அணைச்சது நான்தான்னு ஏன் சொன்னீங்க? நம்பர் தப்புன்னு சொல்லியிருந்தா அவன் ஏறிச் சரிபண்ணியிருப்பான். அத்தை பேத்தியைப் பாத்திருப்பாங்க."

"அதான்" என்றார் மாமா. "சொன்னா ஏறியிருப்பான். அவ கேக்கறா, இவன் நிப்பானா? கூரை முழுக்கத் தண்ணி."

அவர் அழவில்லை. எடை சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகன் என்று அந்த மழையில் அவர் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் சுவிட்ச் சுவிட்ச் என்று பேசினோம், அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டார். வாயைத் திறந்து "எனக்குப் பயமா இருக்குடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை.

தட்டை நான் நம்பர் சொல்லச் சொல்ல அவன் திருப்பினான். ஐம்பத்தேழில் நின்றது. இறங்கி வந்தவன் டேப்லெட்டைப் பார்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்றாமலே அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். முகம் சிவந்து வீங்கியிருந்தது. கயிற்றின் நுனியை அவர் கையில் வைத்தான்.

"இழுங்கப்பா."

மாமா அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"இழுங்க. உங்க பலத்தையெல்லாம் காட்டுங்க."

மாமா இழுத்தார். முதலில் மெதுவாக, பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும். அவன் காலை ஊன்றி நின்றான். கொக்கியைத் தடவிப் பார்த்தார், பெல்ட்டின் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். இதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன்.

"இதை மாட்டிக்கிட்டுத்தான் ஏறுவியா?"

"எப்பவும். போற வீட்லயெல்லாம் இப்படி இழுக்கச் சொல்லிட்டுத்தான் ஏறுவேன்."

"அன்னிக்கும் மாட்டியிருந்தியா?"

"ஆமாப்பா."

மாமா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தையின் கட்டில் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் காட்டுறியே" என்றார். "எனக்கும் ஒரு தரம் காட்டியிருக்கலாம்லடா."